ஆளுயரத்துக்கு மேல்

வண்டியை நிறுத்தியதும் தரகர் ஏகாம்பரம்
திசையைத்தான் முதலில் சொன்னார்.
கிழக்குப் பார்த்த மனை.
சடையங்குப்பம் தாண்டி, ஆற்றுக்கு முதுகு காட்டி
அரை கிரவுண்ட்.
முருங்கை வைக்கலாம், கோழி வளர்க்கலாம்,
மாடியில் தொட்டி கட்டினால் மீன்கூட விடலாம்,
கரண்டு போனாலும் கடை அடைத்தாலும்
ஒரு மாசம் யாரையும் கேட்க வேணாம்மா, என்றார்.
அந்த ஒரு மாசத்துக்காகத்தான் வந்திருந்தேன்.

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீடு
கேட்டுக்கு அந்தப் பக்கம்.
கூட்ஸ் நின்றால் ஆம்புலன்சும் நிற்கும்.
தயாளனுக்கு மூச்சு அடைத்த இரவில்
ஐம்பத்தெட்டுப் பெட்டிகள் எண்ணினேன்.
எண்ணுவதைத் தவிர வேறு மருந்து கையில் இல்லை.
அன்றிலிருந்து கட்டிலுக்கு அடியில் ஒரு வாளி:
டார்ச், இன்ஹேலர், பொட்டுக்கடலை,
பால் கவரில் சுற்றிய ரேஷன் அட்டை.
யுத்தமா வருது என்று சிரிக்கிறான் அவன்,
சிரித்தால் இருமல் வருகிறது.

பையிலிருந்து ஸ்பூனை எடுத்தேன்.
அடிபம்பில் நாலு அடிக்கு வந்தது தண்ணீர்.
நாக்கில் வைத்தேன்.
கடல் உப்பு எனக்குத் தெரியும்.
இது காசைச் சப்பிய மாதிரி.
செடிக்கு ஆகும் என்றார் ஏகாம்பரம்.
எந்தச் செடிக்கு என்றேன்,
அவருக்கு போன் வந்துவிட்டது.

கடப்பாரை இரவல் வாங்கிக் குத்தினேன்.
மேலே நேற்றுக் கொட்டிய கிராவல், சிவப்பு.
கீழே சாம்பல்.
அதற்கும் கீழே கறுப்பாய், பளபளப்பாய்,
சோப்புக்கும் போகாமல் விரலில் ஒட்டும்
ஒரு மெல்லிய வருஷம்.

காற்றைக் கேட்டேன்.
தென்மேற்கில் அடித்தால் பெட்ரோல்,
வாடை அடித்தால் அமோனியா,
நடுவில் சில நாள் வெறும் மீன்.
அந்தச் சில நாளைத்தான் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள்.

நோட்டில் எல்லாவற்றுக்கும் பெருக்கல் குறி போட்டு
மூடப் போகும்போதுதான் பார்த்தேன்
மீட்டர் பெட்டிகளை.
தெரு முழுக்க, ஓலைக் கொட்டகையில்கூட,
ஆளுயரத்துக்கு மேல் ஒரு முழம்.
சுவர்களுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.
பெட்டியை இறக்க
ஒருவருக்கும் மனசு வரவில்லை.

எதிர்வீட்டு ரூபாவதி
வாயில் கவ்விய ஹேர்பின்னோடு வந்தாள்.
ரீடிங் எடுக்கறவன் எங்க ஸ்டூலத்தான் கேப்பான், என்றாள்.
அவள் கூரைமேல் கவிழ்த்த நீல டிரம் நான்கு, கயிறோடு.
யாருது?
தெருவுது.
கயிறு எங்கிருந்து எங்கே என்று
கையால் காற்றிலேயே கட்டிக் காட்டினாள்:
மொதல்ல வாதம் வந்த பாண்டுரங்கம்,
அப்புறம் மாசமா இருக்கறவ எவளாவது,
அப்புறம் ஆடு.
புருஷனுங்க கடைசி.

பிறகு என்னைப் பார்த்தாள்,
மனை பார்ப்பதுபோல, நாலு எல்லையும்.
நீச்சல் வருமா?
வராது.
ராத்திரி கதவு தட்டினா எழுந்து வருவியா?
வருவேன்.
வேற என்னா தெரியும்?
ஸ்டான்லியில் பதினோரு வருஷம், வார்டு நர்ஸ்.
ஊசி போடுவேன், நெபுலைசர் வைப்பேன்,
தையலும் போடுவேன். துணிக்கு இல்ல.
ஹேர்பின்னை வாயிலிருந்து எடுத்தாள்.
இந்தத் தெருவுல அது ஒண்ணுதான் இல்ல, என்றாள்.
கோழி இருக்கு. முருங்கையும் இருக்கு,
காய்க்காது. இருக்கு.

திரும்பும் வழியில் ஏகாம்பரம்
தானாகவே விலையைக் குறைத்தார்.
கேட் மூடியிருந்தது. பெட்டிகளை எண்ணவில்லை.
தயாளனுக்கு போன் போட்டேன்.
மண்ணு சரியில்ல, தண்ணி சரியில்ல,
காத்து உனக்கு ஆகவே ஆகாது.
அப்ப விட்டுடு, என்றான்.
ம், என்றேன்.
கேட் திறக்கும்வரை
பக்கத்துப் பிளாஸ்டிக் கடையில்
ஸ்டூல் என்ன விலை என்று
விசாரித்துக்கொண்டிருந்தேன்.